நின்ற குழவி, படுத்த குழவி

என் ஊறுகாய் ஜாடியில் மயிலிறகு முளைத்த அன்றைக்குத்தான், எங்கள் வீட்டுக்குள் ஏதோ புகுந்துவிட்டது என்று எனக்குப் புரிந்தது. பீங்கான் ஜாடி, என் மாமியார் கை பட்டது. அதிலிருந்த நார்த்தங்காயை மருமகள் ஒரு பிளாஸ்டிக் டப்பாவுக்குக் குடிமாற்றிவிட்டு, ஜாடியைக் கழுவிக் காயவைத்து, ஏழெட்டு மயிலிறகைச் செருகி, தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாம்மா இது, ஊறுகாய்க்கு ரெக்கை மொளைச்சிடுச்சா?"

"வின்டேஜ் அத்த. மேல் ரூமுக்கு."

"வீண்டேஜா?"

"வின்டேஜ். பழசுதான், ஆனா மதிப்பு ஜாஸ்தி."

"அப்ப நானும் மேல வந்து ஒரு மூலையில நின்னுக்கிறேன்."

"நீங்க நிப்பீங்க. உங்க வாய் நிக்குமா? வர்றவங்களுக்கு அமைதி வேணும்."

இப்படி எனக்கு ஈடுகொடுத்துப் பேசுகிறவள் இந்த வீட்டில் அவள் ஒருத்திதான். அவளுக்கு முன்னால் என் புருஷன் இருந்தார். நான் பத்து வார்த்தை பேசினால் அவர் ஒரு தடவை இருமுவார். அதை நான் பதில் என்று எடுத்துக்கொள்வேன்.

எங்கள் வீடு செங்கம் ரோட்டில் ஆசிரமத்தைத் தாண்டி ஒரு சந்தில் முதல் வீடு. கீழே நாங்கள், மாடியில் ஒற்றை அறை. என் மகனுக்கு ஓசூரில் கம்பெனி வேலை. சனிக்கிழமை வந்து ஞாயிற்றுக்கிழமை போவான். பேத்தி வேலூரில் ஹாஸ்டலில் இருந்து படிக்கிறாள். மருமகள் பக்கத்துத் தெருவில் ஒரு குட்டிப் பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்தாள். அதை மூடிவிட்டார்கள். மூடினதும் மகன் சொன்னான்: "அங்க நான் ஓட்டல் சோறு தின்றேன், நீ இங்க சும்மா உக்காந்திருக்கற. கெளம்பி வா." என்னையும்தான் கூப்பிட்டான். இந்த மலை கண்ணுக்குத் தெரியாத ஊரில் எனக்குத் தூக்கம் வராது என்று சொல்லிவிட்டேன். அவளுக்கும் போக மனசில்லை. மேல் அறையைத் தங்க வருகிறவர்களுக்கு விட்டு, தானே அதை நடத்திக் காட்டுகிறேன் என்றாள். கார்த்திகை பிறக்கிற வரைக்கும் பார்ப்போம், அதற்குள் ஒரு ஆள் வந்து நிலையாகத் தங்கவில்லை என்றால் பூட்டிவிட்டுப் புறப்பட வேண்டியது என்று புருஷன் பெண்டாட்டி பேசி முடித்தார்கள். என்னை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் "போகாதே" என்று நான் சொல்லியிருப்பேனா? அவளை ஏதாவது கேலி பண்ணியிருப்பேன்.

என் கல்யாணத்துக்கு என் அப்பா வாங்கிக் கொடுத்த டிரங்குப் பெட்டி ஒன்று உண்டு. பச்சைப் பெயிண்ட் அடித்த தகரம், மூடியில் இரண்டு கிளி. ஒரு கிளிக்கு மூக்கு உரிந்துவிட்டது. அதை அவள் தன் கட்டிலுக்கடியில் இழுத்து வைத்துக்கொண்டு, ஓசூருக்கு என்று வாரத்துக்கு ஒரு புடவையாக மடித்துப் போட்டுக்கொண்டிருந்தாள். அவள் குளிக்கப் போகும்போது நான் மூடியைத் திறந்து எட்டிப் பார்ப்பேன். ஏறின புடவையை எண்ணிவிட்டுச் சத்தமில்லாமல் மூடுவேன்.

"இதுவும் வீண்டேஜ்தானே, மேல கொண்டு போய் டேபிளா போடேன்" என்று ஒருநாள் சொல்லிப் பார்த்தேன்.

"இது வேணும் அத்த. போறப்ப எதுல எடுத்துட்டுப் போறது?"

பெட்டியைக் காலால் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டேன்.

பேத்தி தினமும் போனில் படம் அனுப்புவாள், இப்படி வை, அப்படி வை என்று. தாய்க்காரி அதைப் பார்த்துவிட்டு வேட்டைக்குக் கிளம்புவாள். காயலான் கடையில் பாதி நாள் இருப்பாள். கம்பி உடைந்த ஜன்னல் கதவு, கோலி சோடா பாட்டில், ஓடாத கடிகாரம் என்று வந்து இறங்கின.

"மணி காட்டலையே இது?"

"மணி பாக்க இல்ல அத்த, அழகுக்கு."

"உன் மாமனாரும் கடைசி வரைக்கும் அப்படித்தான் செவுத்தோரமா அழகா உக்காந்திருந்தாரு."

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஆணி அடித்தாள்.

கடையில் கிடைக்காததை ரோட்டோரம் பொறுக்கினாள். முழ நீளக் கொன்றைக் காய், காய்ந்த வாகை நெற்று, வெடித்த இலவங்காய், ஒரு தூக்கணாங்குருவிக் கூடு. வாகை நெற்றைக் கொத்தாகக் கட்டி ஜன்னலில் தொங்கவிட்டாள். காற்றடித்தால் கிலுகிலுவென்று ஆடும். குருவிக் கூட்டுக்குள் பல்பு போட்டாள். குருவி திரும்பி வந்து லைட்டை அணைக்கச் சொன்னால் என்ன செய்வாய் என்று கேட்டதற்கு, நீங்கள் போய்ப் பஞ்சாயத்துப் பண்ணுங்கள் என்றாள். இவ்வளவையும் பார்க்க ஆள் வந்துகொண்டுதான் இருந்தது. வருவார்கள், போட்டோ எடுப்பார்கள், சொல்லி அனுப்புகிறேன் என்பார்கள், போய்விடுவார்கள்.

கடைசியாக அவளுக்கு வாசலை அலங்கரிக்க வேண்டும் என்று தோன்றியது. கூடை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

"எங்க?"

"மலை அடிவாரத்துல நல்ல நல்ல கல்லா கெடக்குது. நாலு எடுத்துட்டு வரேன்."

மற்ற ஊரில் மலைமேல் சாமி இருக்கும். எங்கள் ஊரில் மலைதான் சாமி. அங்கிருந்து ஒரு கூழாங்கல்லைக்கூட வீட்டுக்கு எடுத்து வர மாட்டோம். இவள் ஆரணிப் பக்கத்துப் பெண், கல்யாணமாகி இத்தனை வருஷமாகியும் சமயத்தில் மறந்துபோகிறாள்.

"சாமியோட கால் வெரலை ஒடைச்சாந்து நம்ம வாசல்ல வெக்கப் போறியா?" என்றேன்.

அவள் கன்னத்தில் போட்டுக்கொண்டு கூடையைக் கீழே வைத்தாள். அதோடு விட்டிருக்கலாம். "கல்லுதானே வேணும், பின்னாடி என் அம்மி கெடக்குது, எடுத்துக்கோ" என்று வாயைக் கொடுத்தது நான்தான்.

மிக்சி வந்த நாள் முதல் என் அம்மி கொல்லைச் சுவரில் சாய்ந்து கிடந்தது. இரண்டு பேர் சேர்ந்து அதை உருட்டி வந்து வாசற்படி ஓரம் போட்டோம். அதன் தலையில் ஒரு மண்தொட்டியை வைத்து, கொன்றைக் காயைச் செருகிவிட்டாள். மிச்சம் இருந்தது குழவி. அதற்கு என்ன செய்தாள் என்றால், காயலான் கடையில் எடுத்து வந்திருந்த ஒரு வட்டக் கல்லைக் கேட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். நடுவில் பள்ளம், ஓரத்தில் தண்ணீர் வடிய ஒரு மூக்கு. யார் வீட்டில் எதற்கு இருந்ததோ. பள்ளத்தில் மணலைக் கொட்டி, குழவியை நட்டுக்குத்தாக நிற்க வைத்து, சுற்றிலும் இலவம்பஞ்சைப் பரப்பினாள்.

"எப்படி அத்த?"

நான் பார்த்தேன். வட்டக் கல், அதற்கு மூக்கு, நடுவில் முப்பது வருஷம் மிளகாய் அரைத்து வழவழவென்று கறுத்த கல் நிமிர்ந்து நிற்கிறது. இந்த ஊரில் பால் குடிக்கிற குழந்தைக்குக்கூட இது என்னவென்று தெரியும். அவளுக்குத் தெரியவில்லை. அலங்காரம் பண்ணுகிறவளுக்கு அலங்காரம்தான் தெரியும்போல.

"சோக்காக்கீது" என்றேன். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

சும்மா இருந்திருந்தாலும் பரவாயில்லை. மறுநாள் காலை, கோலம் போட வருகிற மருமகள் பார்த்துத் திடுக்கிடட்டும் என்று, செடியிலிருந்து ஒரு நந்தியாவட்டைப் பூவைப் பறித்துக் குழவியின் தலையில் வைத்துவிட்டு உள்ளே போய் டீ குடித்தேன். அவள் எழுந்து வருவதற்குள் பால் ஊற்றுகிறவர் வந்துவிட்டார். செருப்பைக் கழற்றுகிற சத்தம் கேட்டது. வழக்கமாக அவர் கழற்ற மாட்டார். நான் எட்டிப் பார்த்தபோது குழவிக்கு மூன்று விரல் விபூதி பூசிக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். "எப்பம்மா பிரதிஷ்டை பண்ணீங்க, சொல்லவே இல்ல" என்று கோபித்துக்கொண்டார் வேறு.

அடுத்த நாள் குங்குமம். அதற்கடுத்த நாள் யாரோ ஒரு வில்வ மாலை போட்டிருந்தார்கள். மருமகள் இடுப்பில் கைவைத்து நின்று என்னைப் பார்த்தாள்.

"பூ யாரு வெச்சது அத்த?"

"காத்துல வந்து விழுந்திருக்கும்."

"நந்தியாவட்டை செடி கொல்லையில இருக்குது. காத்து வீட்டைச் சுத்திக்கிட்டு வந்துச்சா?"

"திருவண்ணாமலைக் காத்து ஆச்சே. கிரிவலம் வந்திருக்கும்."

அப்போது அவளும் சிரித்தாள். ஆனால் அன்றைக்கு மத்தியானமே அந்த போன் வந்தது. கோயம்புத்தூர் அம்மா ஒருத்தர், தியானம் பண்ண வந்தவர், ஆறு மாசம் தங்க அறை தேடுகிறார் என்று ஒரு ஆட்டோக்காரர் சொல்லி வைத்திருந்தார். மருமகள் ஸ்பீக்கரில் போட்டாள். "பௌர்ணமிக்கு லாட்ஜுல ரூமைக் காலி பண்ணச் சொல்லிட்டாங்கங்க. அன்னிக்கு மூணு மணிக்கு வந்து பாக்கறனுங்க. எனக்கு ஒண்ணே ஒண்ணுதானுங்க, சத்தம் மட்டும் ஆகாதுங்க."

"எங்க வீட்ல ஊசி விழுந்தாக் கேக்கும்மா" என்று இவள் சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்னாள்.

அது ஐப்பசிப் பௌர்ணமி. கார்த்திகை பிறக்கச் சில நாள்தான் பாக்கி. பெட்டியில் புடவை விளிம்பு வரை வந்துவிட்டது. எல்லாம் எனக்குத் தெரியும். பௌர்ணமிக்குக் கிரிவலக் கூட்டம் ரோட்டோடு போகும், எங்கள் சந்துக்குள் யார் திரும்பப் போகிறார்கள் என்றுதான் நினைத்தேன்.

அன்றைக்கு மத்தியானத்துக்கு முன்னாலேயே சந்துக்குள் திரும்பிவிட்டார்கள். முதலில் ஒரு வயசான ஜோடி. அவர்களைப் பார்த்து ஒரு வேன் ஆட்கள், சித்தூர்ப் பக்கம், தெலுங்கு பேசினார்கள். அவர்களைப் பார்த்து இன்னும் பத்துப் பேர். சூடம் கொளுத்தினார்கள். ஒருவர் சட்டைப் பையிலிருந்து ஒரு குட்டி மணியை எடுத்து ஆட்டினார். ஊசி விழுந்தால் கேட்கிற வீட்டு வாசலில் "அரோகரா" என்று அவர்கள் போட்ட சத்தத்தில் மாடி ஜன்னல் வாகை நெற்று அதிர்ந்தது.

"பாட்டிம்மா, இது எந்த லிங்கம்? மலையைச் சுத்தி எட்டுதான்னு சொன்னாங்க, இது கணக்குல இல்லயே" என்று ஒருவர் கேட்டார்.

நாக்கைக் கடித்துக்கொண்டிருக்கலாம். "இது குழவி லிங்கம்" என்றேன்.

அவர் திரும்பி மற்றவர்களுக்குச் சொன்னார்: "குழவீஸ்வரராம். ரொம்பப் பழசாம்."

உள்ளே போனேன். மருமகள் சமையலறையில் சுவரைப் பார்த்து நின்றிருந்தாள். மணி இரண்டைத் தாண்டியிருந்தது.

"எடுத்து உள்ள வெச்சுடலாம்னு போனேன் அத்த. கை வரல. தொட்டேன், தொட்டதும் கும்பிட்டுட்டேன்." அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு ஏதாவது சொல்ல வந்திருக்கும். "விடுங்க. ஓசூர் ஒண்ணும் தூரமில்ல" என்றாள்.

அன்றைக்கு எனக்குக் கேலி வரவில்லை. வெளியே வந்து படியில் உட்கார்ந்தேன். நான் வைத்த ஒரு பூ. அதை இப்போது எப்படி எடுப்பது? சாமி இல்லை என்று சொன்னால் அடிக்க வருவார்கள். கும்பிட்ட கல்லைத் தூக்கி உள்ளே ஒளித்தால் எனக்கே மனசு கேட்காது. நானும்தான் இந்த ஊர்க்காரி.

அப்போது ஒரு அம்மா தூக்குச் சட்டியோடு வந்தார். ஐப்பசிப் பௌர்ணமிக்குச் சிவன் கோயிலில் எல்லாம் சாமிக்குச் சோற்றால் அபிஷேகம் நடக்கும். அவர் வீட்டில் வடித்த சோறு கொண்டு வந்திருந்தார். கோயில் வரிசை ரொம்ப நீளம், இங்கேயே பண்ணிவிடுகிறேன் என்று வெள்ளைச் சோற்றைக் கைப்பிடி கைப்பிடியாக அள்ளிக் குழவியின் தலையில் அப்பினார். குழவி பனியன் போட்டதுபோல நின்றது.

எனக்குப் பொறி தட்டியது. எழுந்துபோய்க் கேட்டேன்.

"ஏம்மா, வெறுஞ்சோறா போடறீங்க? தொட்டுக்க ஒண்ணும் வேணாமா?"

அவர் முழித்தார். "சாமிக்கா?"

"பின்ன? நம்ம வீட்ல ஒரு ஆளுக்கு வெறுஞ்சோறு போடுவோமா? இந்த சாமிக்குத் துவையல்னா உசிரு. முப்பது வருஷமா நான்தானே அரைச்சு ஊட்டறேன்." உள்ளே பார்த்துக் கூப்பிட்டேன். "ஏம்மா, பொட்டுக்கடலை, காஞ்ச மொளகா, ஒரு மூடி தேங்கா, பூண்டு ரெண்டு பல்லு, புளி. சீக்கிரம் எடுத்துட்டு வா."

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். மறு பேச்சில்லாமல் எடுத்து வந்தாள். அம்மி மேலிருந்த மண்தொட்டியை, கொன்றைக் காயோடு அவளே இறக்கி வைத்தாள். சோற்றை ஒரு பருக்கை விடாமல் தாம்பாளத்தில் வழித்து எடுத்தேன். மாலையைக் கழற்றிச் செடியில் போட்டேன். ஒரு குடம் தண்ணீர் விட்டு விபூதி குங்குமம் போகக் கழுவி, குழவியை இரண்டு கையாலும் தூக்கி, அம்மிமேல் படுக்க வைத்தேன்.

மணிக்காரர் பதறினார். "ஏம்மா, சாமியைப் படுக்க வெக்கலாமா?"

"நாலு நாளா நின்னுக்கிட்டே இருக்குது ஐயா. பதினாலு கிலோமீட்டர் நடந்து போய் நீங்க படுக்க மாட்டீங்க?"

தூக்குச் சட்டி அம்மா முதலில் சிரித்தார். "அம்மிக் குழவிதாங்க இது. எங்க வீட்லயும் இருக்குது" என்றார். வேன்காரர்களுக்குள் ஏதோ தெலுங்கில் பேசி அவர்களும் சிரித்தார்கள். மணிக்காரர் மட்டும் மணியைப் பைக்குள் போட்டுக்கொண்டு முறைத்தபடி நின்றார். நான் அரைத்தேன். பழகிய கை, மறக்கவில்லை, இடுப்புதான் மறந்துவிட்டது. துவையலை வழித்துச் சோற்றில் போட்டுப் பிசைந்து, நின்றவர்களுக்கெல்லாம் ஒரு உருண்டை கொடுத்தேன். வாங்கினவர்கள் கண்ணில் ஒற்றிக்கொண்டு சாப்பிட்டார்கள். மணிக்காரர் இரண்டு உருண்டை வாங்கினார். சாப்பிட்டதும் போய்விட்டார்கள். படுத்திருக்கிற சாமிக்கு யார் வரிசையில் நிற்பார்கள்?

கடைசியாகக் கதர்ப் புடவை கட்டிய ஒரு அம்மா கையை நீட்டினார். ஒரு உருண்டை வைத்தேன். வாயில் போட்டு மென்றுவிட்டு அந்த அம்மா சொன்னார்: "நல்லா இருக்குதுங்க. உப்புத்தான் கொஞ்சம் பத்தலீங்க. ஏனுங்கம்மா, இங்க மாடியில ஒரு ரூம் இருக்குதுன்னாங்க, இந்த வீடுங்களா?"

மருமகளின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. அவர் எவ்வளவு நேரமாக நின்றார் என்பதும் தெரியாது. மேலே கூட்டிப் போனாள். நான் இடுப்பைப் பிடித்துக்கொண்டு படிக்கு ஒரு மூச்சாகப் பின்னால் போனேன்.

அந்த அம்மா மயிலிறகைப் பார்த்தார். ஓடாத கடிகாரத்தைப் பார்த்துத் தன் கைக்கடிகாரத்தையும் பார்த்துக்கொண்டார். குருவிக் கூட்டுக்கு அடியில் நின்று அண்ணாந்து, "குருவி வந்துருங்களா?" என்றார். ஜன்னலுக்கு வந்தார். காற்றடித்தது.

"இந்தக் காய்தாங்க சத்தம் போடுது. இதைக் கழட்டிருங்க."

மருமகள் அரை நிமிஷத்தில் கழற்றினாள்.

"கீழ அப்படிக் கூட்டம் தெனமும் வருங்களா?"

"இனிமே வராதும்மா. சாமி சமையலுக்குப் போயிடுச்சு" என்றேன் நான். மருமகள் என் காலை மிதித்தாள்.

அந்த அம்மா சிரித்தாரா இல்லையா என்று எனக்குப் பிடிபடவில்லை. அறையை இன்னொரு சுற்று சுற்றிவிட்டு நடுவில் நின்றார். "எல்லாம் நல்லா இருக்குதுங்க. ஒண்ணு கேக்கறனுங்க, கோவிச்சுக்காதீங்க. துணி எங்கீங்க வெக்கறது?"

மருமகள் அறையைச் சுற்றிப் பார்த்தாள். நானும் பார்த்தேன். மூலைக்கு மூலை பாட்டிலும் காயும் ஜாடியும் கூடும் இருந்தன. ஒரு புடவையை மடித்து வைக்க ஒரு அலமாரி, ஒரு ஆணி, ஒரு பலகை இல்லை. எத்தனை பேர் போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள். அவர்களும் இதைச் சொல்லவில்லை, எங்களுக்கும் தோன்றவில்லை.

"ஆறு மாசம் இருக்கோணுமுங்களே. ஒரு பொட்டி கிட்டி இருந்தாப் போதுங்க. இருந்தா இன்னிக்கே வந்தர்றனுங்க."

நான் வாயைத் திறக்கவில்லை. என் ஆயுசில் அப்படிச் சும்மா நின்றது அது ஒரு தடவைதான். மருமகள் என்னைப் பார்த்தாள். நான் ஜன்னல் வழியாக மலையைப் பார்த்தேன்.

"இருக்குதும்மா. ரெண்டு நிமிஷம்" என்று இறங்கிப் போனாள்.

கீழே கட்டிலுக்கடியில் தகரம் தரையில் உரசுகிற சத்தம் மாடி வரை கேட்டது. பிறகு மூடி திறக்கிற சத்தம். புடவைகளை எடுத்துக் கட்டில்மேல் வைக்கிறாள் என்று நான் நினைத்துக்கொண்டேன். அப்புறம் கீழிருந்து கூப்பிட்டாள், நான் இறங்கிப் போனேன்.

"அத்த, ஒரு பக்கம் பிடிங்க. கிளி இருக்கற பக்கம் மேல வரணும்."

"மூக்கு இல்லாத கிளியா, இருக்கற கிளியா?"

"வாயை மூடிக்கிட்டு தூக்குங்க" என்றாள்.

தூக்கினேன். காலிப் பெட்டி, கனமே இல்லை.